மூன்றடி இரண்டங்குலம்

ஜூன் 9, திங்கள்

டெல்லியிலிருந்து வரைபடம் வந்துவிட்டது. வெள்ள அபாய வரைபடம், வரைவு நகல். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால்தான் விரியும். புன்னைக்குறிச்சி முழுவதையும் மூன்று நிறத்தில் அடைத்திருக்கிறார்கள். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் அடித்தளத்தை உயர்த்திக் கட்டிக்கொள்ளலாம். சிவப்பு என்றால் புதிதாக ஒரு கல்கூட வைக்கக் கூடாது. ஊருக்கு ஆட்சேபம் இருந்தால் தொண்ணூறு நாளுக்குள் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும்.

எங்கள் பதினோராவது வார்டு முழுக்கச் சிவப்பு. முந்நூற்று நாற்பது வீடு.

கமிஷனர் கூட்டம் போட்டார். போன வருஷம்தான் நகராட்சிப் பலகையைக் கழற்றிவிட்டு மாநகராட்சிப் பலகை மாட்டினோம். கழிப்பறைத் தாழ்ப்பாள் இன்னும் நகராட்சிக் காலத்ததுதான். ஆனாலும் மாநகராட்சிக்குரிய ஆவேசத்தோடு எல்லோரும் பேசினார்கள். பேசி முடித்ததும் வேலை என் தலையில் விழுந்தது. பொறியாளர் சாகுல், என்னைவிடப் பத்து வயது இளையவர், பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "பேராச்சி அக்கா, சர்வேயரும் நீங்க, அந்த வார்டுக்காரரும் நீங்க. வேற யாருகிட்ட குடுக்கச் சொல்லுதிய?"

படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு எந்தெந்த அடையாளத்தை நம்பினார்கள் என்று. பதினோராவது வார்டுக்கு ஒரே ஒரு அடையாளம். 'எண் 7. அணஞ்சபெருமாள் இல்லம், கூடம், கிழக்குச் சுவர், பென்சில் கோடு.'

என் வீட்டுக்காரர் பெயர். மத்திய அரசாங்கத்துக் காகிதத்தில். மூன்று தடவை படித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது கைப்பேசியில் அந்த மூலையை மட்டும் படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டுச் செண்பகம் மீன் குழம்போடு வாசலில் நிற்கிறாள். வாங்கி வைத்துக்கொண்டேன். வயிறு சரியில்லை, சாப்பிடவில்லை.

ஜூன் 11, புதன்

படியேறினால் முட்டி வலிக்கிறது. முன்பு வாசலுக்கு ஒரே படி. இப்போது எட்டு. போன ஆனி மாதம் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினோமே, அதன் பலன். ஹரியானாவிலிருந்து பன்னிரண்டு பேர் வந்து, சுவருக்கு அடியில் நூற்றைம்பது ஜாக்கி செருகி, நாள் ஒன்றுக்கு ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று திருகித் திருகி மூன்றரை அடி ஏற்றினார்கள். அலமாரியில் இருந்த எவர்சில்வர் தம்ளர்கூட அசையவில்லை.

தூக்க வேண்டும் என்று சொன்னது அவர். வெள்ளம் வடிந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டார். "தண்ணி மூணடி ரெண்டு இஞ்சு வந்துச்சு. மூணரை அடி தூக்குனா நாலு இஞ்சு நமக்கு மிச்சம்" என்று. கண்டக்டர் வேலை பார்த்தவர், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் பேசுவார். நான்தான் "வீட்டத் தூக்குதாவளாம், முதல்ல இந்த ஈரப் பாயத் தூக்குங்க" என்றேன். அவர் போன பிறகு தூக்கினேன். கேட்கும்போது கொடுக்காததை அப்புறம் கொடுப்பதில் நான் கெட்டிக்காரி.

கோட்டைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். வெள்ளத்தன்று பிற்பகல், கூடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, காதில் எப்போதும் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துச் சுவரில் இழுத்தார். கீழே எழுதினார்: '18-12. மாலை 3.40. இதற்கு மேல் ஏறவில்லை. சாட்சி: பேராச்சி.' நான் மாடிப்படியில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரே முழுகிக் கிடக்கிறது, இவருக்குச் சாட்சி வேண்டியிருக்கிறது என்று கத்தினேன்.

இந்த வருஷம் பிப்ரவரியில் டெல்லிக் குழு வந்தபோது நானே கூட்டிப் போய்க் காட்டினேன். கருவியையும் நானே நிறுத்திக் கொடுத்தேன். இன்றைக்கும் தரையிலிருந்து கோடு வரை டேப் பிடித்துப் பார்த்தேன். மூன்றடி இரண்டங்குலம். ஒரு நூல் மாறவில்லை.

செண்பகத்தின் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். வெறுஞ்சட்டியாகத்தான்.

ஜூன் 16, திங்கள்

வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். வெள்ள அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று. ஒருவர் முழங்காலைத் தொட்டுக் காட்டுகிறார், அவர் சம்சாரம் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறாள். சுவரில் காட்டுங்கள் என்றால் சுவர் பளிச்சென்று இருக்கிறது. மார்கழியில் வெள்ளம், தையில் பொங்கல். எல்லோரும் வெள்ளையடித்துவிட்டார்கள். சேற்றுக்கோடு இருந்தால் லட்சுமி வருவாளா? முந்நூற்று முப்பத்தொன்பது வீட்டிலும் அழித்தாயிற்று.

எங்கள் வீட்டில் அந்தப் பொங்கல் இல்லை. தை பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது அவர் போய்விட்டார். எலிக்காய்ச்சல் என்றார்கள். வெள்ளத் தண்ணீரில் ரொம்ப நேரம் நின்றவர்களுக்கு வருமாம். துக்க வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? அதனால்தான் கோடு தப்பியது.

ரொம்ப நேரம் ஏன் நின்றார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

செண்பகம் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி. வீடு என்று சொல்வது பழக்க தோஷம்; அந்த மண்சுவர் வீடு வெள்ளத்தில் இடிந்து போய், ஒன்றரை வருஷமாகத் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். அவள், இரண்டு பெண்பிள்ளைகள், படுத்த படுக்கையாக அவள் புருஷன் மாசானம். லோடுமேனாக இருந்தவர், மூட்டையோடு லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவள் பீடி சுற்றித்தான் பிழைப்பு.

அரசு வீடு கட்டித் தர ஆணை கொடுத்திருக்கிறது. வருகிற பங்குனிக்குள் அடித்தளம் போடாவிட்டால் ஆணை காலாவதி. அனுமதி கேட்டு மனுக் கொடுத்தாள். எழுத்தர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, சிவப்பு, முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மனுவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"மைனி, ஏழடி தண்ணி வந்துச்சுன்னு படத்துல போட்டிருக்காமே. ஏழடி வந்திருந்தா நாங்க உசுரோட இருந்திருப்பமா?"

"டெல்லிக்காரங்க போட்டது. என் கையில என்ன இருக்கு செண்பகம்?"

"ஒங்க கையிலதான் இருக்குன்னு சாகுல் சார் சொன்னாவளே."

பார்க்கிறேன் என்றேன். மத்தியானம் தயிர்சாதம். உப்பு போட மறந்திருக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

மாசானத்திடம் வாக்குமூலம் வாங்கப் போனேன். ஒன்றரை வருஷத்தில் அந்தக் கொட்டகைக்குள் நான் நுழைந்தது இன்றுதான். தகரம் கொதிக்கிறது. கட்டிலைச் சுற்றி ஈரத்துணி தொங்கவிட்டிருக்கிறாள்.

"எளுதிக்கோங்க மைனி" என்று தெளிவாகச் சொன்னார். "தெரு முக்குல வேப்பமரத்துப் பிள்ளையாருக்குச் சரியா கழுத்து மட்டும் தண்ணி. நான் அண்ணன் முதுகுல இருந்து பாத்தேன். அண்ணன் சிரிச்சாவ. 'மாசானம், பிள்ளையாரே தலைய மட்டும் நீட்டிக்கிட்டு இருக்காரு, நமக்கென்னல வெக்கம், நல்லா கெட்டிப் பிடி'ன்னாவ."

என் வீட்டுக்காரர் சொன்ன இந்த வார்த்தை எனக்குத் தெரியாது. ஒன்றரை வருஷம் கழித்து அவர் புதிதாக ஏதோ பேசியது போல இருந்தது.

பிள்ளையார் கருங்கல். யாரும் வெள்ளையடிக்கவில்லை, நகர்த்தவில்லை. பாலத்து முனையில் உயரம் பொறித்த கல் இருக்கிறது. அங்கிருந்து கருவி வைத்து, அளவுக்கம்பைப் பிடித்துப் பிள்ளையார் கழுத்துவரை கொண்டு வந்தேன். அப்படியே எங்கள் கூடத்துக் கோட்டுக்கும் கொண்டு போனேன். அதே நாள், அதே நேரம், அதே தண்ணீர். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எங்கள் கோடு ஒரு மீட்டர் ஏழு சென்டிமீட்டர் மேலே இருக்கிறது.

வெயிலில் கண் கூசியிருக்கும்.

ஜூலை 4, வெள்ளி

மறுபடி அளந்தேன். ஒரு மீட்டர் ஏழு.

ஜூலை 5, சனி

மாவாட்டினேன். குக்கர் வாஷர் மாற்றினேன். மாசானத்துக்கு ஞாபகம் பிசகியிருக்க வேண்டும். படுத்தே கிடப்பவர்களுக்குப் பழைய சங்கதி எல்லாம் கலந்து போகும்.

ஜூலை 10, வியாழன்

ஆய்வுக்கு வந்த சாகுல், காபி குடித்துவிட்டுப் போகிறேன் என்று வீட்டுக்கு வந்தார். கூடத்தில் கோட்டுக்கு முன்னால் செருப்பில்லாமல் நின்றார், தர்காவில் நிற்பது போல. "சாட்சி பேராச்சி" என்று வாசித்துச் சிரித்தார்.

போகும்போது படியில் மெதுவாக இறங்கினார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டே இறங்குகிறார்.

"இந்தப் படியெல்லாம் எப்பக்கா கட்டினிய?"

"போன வருஷம் ஆனில. ஜாக்கி வச்சு வீட்டத் தூக்கினப்போ."

"ஓ" என்றார். கடைசிப் படியிலிருந்து கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "காபி நல்லா இருந்துச்சுக்கா" என்றார். போய்விட்டார்.

காபியில் சர்க்கரை போட்டேனா என்றே எனக்கு நினைவில்லை.

ஜூலை 11, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

விடுப்பு. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அவருடைய தம்பி மும்பையில் இருக்கிறார். முதல் வருஷத் திதிக்கு வந்தார், அதோடு சரி. அமாவாசைக்கு நான் சமைத்து, இலை போட்டு, காக்கைக்கு வைப்பேன். எள்ளும் தண்ணீரும் இறைக்க அவருக்கு ஆள் இல்லை என்பது மனதில் முள்ளாகக் கிடந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

காலையில் குளித்துவிட்டு வரலாம் என்று படித்துறைக்குப் போனேன். நல்ல கூட்டம். தண்ணீர் தொடும் கடைசிப் படியில் மாசானம் உட்கார்ந்திருந்தார். செண்பகம் பின்னால் மண்டியிட்டு, அவர் சாயாமல் முதுகைத் தன் மார்பில் தாங்கிக்கொண்டிருந்தாள். அவரைக் கொண்டு வந்த ஆட்டோ மேலே நின்றது. தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

ஐயர் கேட்டது காதில் விழுந்தது. "அடுத்து யாரு பேருக்கு?"

"அணஞ்சபெருமாள்."

"என்ன உறவு? கோத்திரம்?"

"கோத்திரம் தெரியாது சாமி. பேரு தெரியும். என்னயச் சொமந்தவுக."

ஐயர் எள்ளைக் கையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினார். மாசானம் விரலிடுக்கு வழியே இறைத்தார். பழகிய கை. முதல் தடவை செய்கிற கை அல்ல.

நான் குளிக்காமலே திரும்பி வந்துவிட்டேன். பிறகு ஆட்டோக்காரரை நிறுத்திக் கேட்டேன். "மாசாமாசம் கூட்டிட்டுப் போறேன் அக்கா. மைனி கிட்ட சொல்லாதீய, அவிய மனசு கஷ்டப்படும்னு சொல்லியிருக்காரு" என்றார்.

பதினெட்டு அமாவாசை.

ஜூலை 25, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நான் சர்வேயரும் இல்லை, சாட்சியும் இல்லை.

வீட்டைத் தூக்கினபோது சுவரும் மேலே போனது. சுவரில் இருந்த கோடும் மேலே போனது. மூன்றரை அடி. மீட்டரில் சொன்னால் ஒரு மீட்டர் ஏழு சென்டிமீட்டர். வீட்டுக்குள் நின்று பார்த்தால் தரையும் கோடும் சேர்ந்தே ஏறியிருப்பதால் ஒன்றும் மாறியதாகத் தெரியாது. ஆனால் பாலத்துக் கல்லிலிருந்து பார்த்தால், தண்ணீர் வராத உயரத்தைத் தண்ணீர் வந்த உயரம் என்று அந்தக் கோடு சொல்லிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக மட்டம் பார்க்கிறவள், டெல்லிக்காரர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் அந்தத் தப்பைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் நம்பினார்கள். வார்டு முழுக்கச் சிவப்பானது. பிசகு என்னுடையது. வேறு யாருடையதும் அல்ல.

எப்போது தெரிந்தது? ஜூலை மூன்றாம் தேதி, கம்பிலிருந்த எண்ணைப் படித்த உடனேயே தெரிந்தது. வெயில் கண்ணைக் கூசவில்லை. மூன்று வாரமாகச் சொல்லவில்லை. அவர் கைபட்ட கடைசி எழுத்து, அதைத் தப்பு என்று என் வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. அதைச் சொன்னால் டெல்லிக் காகிதத்திலிருந்து அவர் பெயரை அடித்துவிடுவார்கள்.

அது பாதி. மீதியையும் எழுத வேண்டும்.

அன்றைக்கு அவர் மூன்று தடவை தெருவைக் கடந்தார். முதலில் செண்பகத்தையும் பிள்ளைகளையும் கூட்டி வந்து எங்கள் மொட்டை மாடியில் விட்டார். இரண்டாவது தடவை மாசானத்தை முதுகில் சுமந்து வந்தார். வந்துதான் கோடு போட்டார். பிறகு மூன்றாவது தடவை போனார். செண்பகத்தின் பீடித் தட்டை எடுக்க. சுற்றி முடித்த பீடியும் இலையும் தூளும் இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்துத் தலையில் வைத்துக்கொண்டு வர ஒரு மணி நேரம் ஆனது. ஒரு பீடித் தட்டுக்காக என் புருஷனைத் தண்ணீருக்குள் அனுப்பினாள் என்று ஒன்றரை வருஷமாக அவளை மனதுக்குள் வைது வருகிறேன். அவள் கொண்டு வந்த குழம்பு ஒரு சொட்டு என் தொண்டையில் இறங்கவில்லை.

அவள் அனுப்பவில்லை. "வேண்டாம்ண்ணே, போகாதீய, தட்டு போனா போகுது" என்று மாடியிலிருந்து அவள் அலறியதை என் காதால் கேட்டேன். "நாளைக்கு என்னத்தச் சுத்துவ?" என்று அவர்தான் போனார். கேட்ட நானே அதை மாற்றி வைத்துக்கொண்டேன். யார் மேலாவது போட்டால்தான் தாங்க முடிந்தது.

அவள் வீடு கட்டக் கூடாது என்று நான் நினைத்தேனா? நினைக்கவில்லை. ஆனால் கட்டட்டும் என்றும் நினைக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

சாகுலிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே, ஒரே மூச்சில். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"படி எண்ணினப்பவே தெரியும்க்கா."

"பெறகு ஏன் சார் சொல்லல? மூணு வாரம் போயிட்டே."

"ஒங்க வீட்டுக் கோடு. நான் எப்படிச் சொல்ல?" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆட்சேபம் குடுக்க நாப்பது நாளு பாக்கி இருக்கு. நாளைக்கும் நீங்க சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேன். அதையும் மறைக்கல" என்றார்.

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். டீ வாங்கித் தந்தார். அலுவலகத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது இருபத்திரண்டு வருஷத்தில் இதுவே முதல் தடவை.

ஆகஸ்ட் 6, புதன்

அறிக்கை எழுதுகிறேன். 'எண் 7 அடையாளத்தைக் காட்டியவர் இவ்வறிக்கையைத் தயாரிக்கும் நில அளவரே. கட்டடம் உயர்த்தப்பட்டதை அவர் அப்போது தெரிவிக்கத் தவறினார்.' இந்த இரண்டு வரியை எழுத இரண்டு நாள் ஆனது.

ஜாக்கிக்காரர்கள் எடுத்த படங்கள், ஒப்பந்தத் தாள், பிள்ளையார் கழுத்தின் உயரம், மாசானத்தின் கைநாட்டு எல்லாம் இணைத்தாயிற்று. மனிதர் கையெழுத்துப் போடுவார், ஆனாலும் கைநாட்டுத்தான் வைப்பேன், அதை மாற்றி எழுத முடியாது என்று அடம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கவுன்சிலர் வந்தார். மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், ஆற்றங்கரைத் தெருவையும் சேர்த்துச் சிவப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்கிறார். அங்கே அவருக்கு மனை இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். எங்கள் முக்குப் பிள்ளையாரை அங்கே வைத்திருந்தால் முழுகியே போயிருப்பார் என்றேன். "கொஞ்சம் கூடக் குறைய எழுதினா என்னம்மா?" என்றார். ஒரு தடவை கூட்டி எழுதிப் பட்டது போதும் அண்ணாச்சி என்றேன். சாகுல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சரியான கோட்டைப் போட வேண்டும். அளவுக்கம்பு பிடிக்க ஆள் வேண்டும். தெருவைக் கடந்து போய்க் கூப்பிட்டேன். "செண்பகம், செத்த நேரம் வாரியா?"

பீடித் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள். கம்பைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஆடாமல் பிடித்தாள். மட்டம் எங்கே விழுகிறது என்று பார்த்தால், வெளியே, புதிதாகக் கட்டிய அடிச்சுவரில். வீட்டுத் தரைக்கு நாலு அங்குலம் கீழே. அதே தண்ணீர் மறுபடி வந்தால் வாசலோடு நின்றுவிடும். அவர் சொன்ன அதே நாலு அங்குலம்.

அவருடைய பென்சிலால் கோடு போட்டேன். கீழே வெள்ளத்தன்றைய அதே தேதி, அதே நேரம். அதற்குக் கீழே 'சாட்சி: பேராச்சி' என்று எழுதினேன். போன தடவை அவர் எழுதிய பெயர், இந்தத் தடவை என் கையால்.

"அப்ப உள்ள இருக்க கோடு பொய்யா மைனி?" என்று செண்பகம் கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நான் அதை யோசித்து வைத்திருந்தேன். "பொய் இல்லட்டி. உள்ள இருக்கது அவுக எம்புட்டு நனைஞ்சாவங்கது. வெளிய இருக்கது தண்ணி எம்புட்டு வந்துச்சுங்கது. டெல்லிக்கு ரெண்டாவது போதும்."

அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ போகாதீயன்னு சொன்னத நான் கேட்டேன்" என்றேன். எந்த நாளைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. முந்தானையால் முதலில் என் முகத்தைத் துடைத்துவிட்டு, பிறகு தன் முகத்தைத் துடைத்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

செண்பகம் கத்தரிக்காய் புளிக்குழம்பு கொடுத்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன், வாங்க ஆள் நான்தான், போட ஆளும் நான்தான். காரம் தூக்கல். சட்டியில் நாலு முறுக்கு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆட்சேப மனு போய்விட்டது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும். பதில் எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 19, புதன்

மூன்று நாளாக மழை. தெருவில் கணுக்கால் அளவு. செண்பகத்தின் இரண்டு பிள்ளைகளும் எங்கள் கூடத்தில் படிக்கிறார்கள். மாசானத்தை நாலு பேர் சேர்ந்து எட்டுப் படி ஏற்றினோம். கட்டிலைக் கோட்டுக்கு எதிரே போடச் சொன்னார்.

ஜனவரி 11, ஞாயிறு

வெள்ளையடித்தாயிற்று. மூன்றாவது பொங்கலுக்குத்தான் முடிந்தது. ஒரு பக்கம் செண்பகம், ஒரு பக்கம் நான். கூடத்துக் கோட்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட்டு அடித்தோம். பழைய சுவரின் அழுக்கு நிறம் அங்கே மட்டும் தெரிகிறது. அழகாக இல்லை. இருக்கட்டும்.

ஜனவரி 29, வியாழன்

டெல்லியிலிருந்து பதில். திருத்திய வரைபடம். பதினோராவது வார்டு மஞ்சள். ஆற்றங்கரைத் தெரு மட்டும் சிவப்பாகவே இருக்கிறது, கவுன்சிலர் என்னோடு பேசுவதில்லை.

வார்டுக்குள் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டியவள், முதலில் ஓரத்துப் பொடி எழுத்தைத்தான் தேடினேன். அடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. 'எண் 7 (திருத்தப்பட்டது). அணஞ்சபெருமாள் இல்லம், வெளிப்புற அடிச்சுவர்.'

சாகுல் கைக்குட்டையை நீட்டினார். என்னிடமே இருக்கிறது என்றேன். என்னிடம் இல்லை.

பிப்ரவரி 11, புதன்

செண்பகம் வீட்டுக்கு இன்று அடித்தளம். மஞ்சள் வார்டு என்பதால் உயர்த்தித்தான் கட்ட வேண்டும். கொத்தனார் நாலு மூலையிலும் கம்பு நட்டுவிட்டு, நூலும் கையுமாக என்னைப் பார்த்தார். "எந்த உசரத்துல கட்ட?"

எங்கள் அடிச்சுவர்க் கோட்டிலிருந்து மட்டம் எடுத்து, தெருவைக் கடந்து, கொத்தனார் நட்ட கம்பில் கொண்டு வந்து வைத்தேன். "இது வரைக்கும் தண்ணி. இதுக்கு மேல நாலு இஞ்சு."

"நாலுங்கது யாரு கணக்கு?"

"எங்க வீட்டுக்காரர் கணக்கு."

கட்டிலோடு வெளியே தூக்கி வந்து வைத்திருந்தார்கள் மாசானத்தை. "அப்ப சரியாத்தான் இருக்கும், கட்டுங்க" என்றார்.

நூல் கட்டி, பூசை முடிந்து, ஒரு மூலையில் மட்டும் நூல் உயரம் வரை கல் நின்றது. எல்லோரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடப் போன பிறகு செண்பகம் என் கையைப் பிடித்துக் கல்லுக்கு முன்னால் கொண்டு போனாள்.

"மைனி, இங்கயும் அந்தக் கோட்டப் போடுங்க. அந்தத் தேதி, அந்த நேரம், எல்லாம் அதே மாதிரி எளுதணும்."

"பூசினா அழிஞ்சிரும்ட்டி."

"அழிஞ்சா என்ன, உள்ள இருக்கும்லா." கல்லை முந்தானையால் துடைத்துவிட்டாள். "கீழ சாட்சின்னு எம்பேரப் போடுங்க. நானும்தான் பாத்தேன்."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அவள் சொன்னபடியே எழுதினேன். சாட்சி: செண்பகம்.